வால்வோ 240-இன் ஹீட்டர் மோட்டார்: கையெட்டாத ஓர் உறுப்பை மாற்றிய கதை

பின்னணி

2022 டிசம்பர் முதல் வாரத்தில், ஸ்வீடனின் கோதன்பர்க் நகருக்கு வெளியே இருக்கும் எங்கள் சிறிய பட்டறைக்கு 1988-ஆம் வருட வால்வோ 240 ஒன்று வந்தது. ஸ்டேஷன் வேகன் வகை, பி230 இன்ஜின். ஏசியும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. ஓடோமீட்டர் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. புதிதாக வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் அவர் குடும்பத்தில்தான் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவருவதும் அதில்தான்.

240 வகையை வால்வோ 1974 முதல் 1993 வரை செய்தது. அதன் உடன்பிறப்பு வகையான 260-ஐயும் சேர்த்து 28 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஸ்வீடனில் முப்பது வயது கடந்த காருக்குச் சாலை வரி கிடையாது, உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் இவற்றைத் தினமும் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் காரில் ஓர் இடம் மட்டும் எல்லா மெக்கானிக்கையும் யோசிக்க வைக்கும். ஹீட்டர் ப்ளோயர் மோட்டார், அதாவது சூடான காற்றை உள்ளே தள்ளும் விசிறியின் மோட்டார், டேஷ்போர்டின் நட்டநடுவில், ஹீட்டர் பெட்டியின் வயிற்றுக்குள், படுக்கைவாட்டில் கிடக்கிறது. அதன் அச்சு இரண்டு பக்கமும் நீண்டு, ஒவ்வொரு முனையிலும் ஓர் உருளை விசிறியைச் சுமக்கிறது. அந்தப் பெட்டியைச் சுற்றி ரேடியோ, காற்றுக் குழாய்கள், வெந்நீர் ரேடியேட்டர், வால்வு, வயர்க் கட்டுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். முதலில் மோட்டாரை வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் காரைக் கட்டினார்கள் என்று 240 வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு.

இங்கே ப்ளோயர் கெட்டுப்போவது வசதி குறைந்துபோன விஷயம் மட்டும் இல்லை. கோதன்பர்க் கடலோர நகரம். அதன் குளிர்காலம் உறைநிலைக்கு ஒட்டியபடியே, மழையும் ஈரப்பனியுமாகக் கழியும். டிசம்பரில் காலை ஒன்பதை நெருங்கித்தான் விடியும், மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். நனைந்த உடுப்போடு இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் ஒரே நிமிடத்தில் முன்கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொள்ளும். அதைத் தெளியவைக்க இந்தக் காரில் இருக்கும் ஒரே வழி ப்ளோயர்தான்.

அவர் சொன்னது

மூன்று வருடமாகக் குளிர் தொடங்கும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் ஒரு கீச்சொலி. சிறிது ஓடினால் நின்றுவிடும். அப்புறம் அதுவும் நிற்காமல் தொடர்ந்தது. போன குளிர்காலத்தில் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். முதல் இரண்டு வேகமும் வேலை செய்யாததைப் பார்த்து ரெசிஸ்டரை (விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையை) மாற்றியிருக்கிறார்கள். ரெசிஸ்டரைக் கழற்றிய துளை வழியாக மெல்லிய எண்ணெயைத் தெளித்தும் விட்டிருக்கிறார்கள். சத்தம் ஒரு மாதம் அடங்கியது. திரும்பி வந்தபோது முன்பைவிட மோசமாக இருந்தது.

இடைப்பட்ட காலத்தை அவர் சமாளித்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். இங்கே பலர் வீட்டு வாசலில் 230 வோல்ட் இணைப்பு வைத்து, இரவில் இன்ஜினையும் காருக்குள் ஒரு சிறு மின் ஹீட்டரையும் சூடாக்குவார்கள். அவரும் அப்படிச் செய்துவந்ததால் புறப்படும்போது கண்ணாடி தெளிவாகவே இருந்திருக்கிறது. பள்ளிக்குப் போக இருபது நிமிடம் தாங்கும். திரும்பும்போதுதான் சிக்கல். ஒரு மாலை சிக்னலில் நிற்கையில் கண்ணாடி முழுக்க மூடிக்கொள்ள, கையுறையால் துடைத்துத் துடைத்து ஓட்டி வந்திருக்கிறார். பின் இருக்கையில் பேரப்பிள்ளை. மறுநாளே எங்களிடம் வந்துவிட்டார். வாசல் இணைப்பில் ஓடிய மின் ஹீட்டர் அந்தக் கோளாறை ஒரு வருடம் மறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் பார்த்தது

முதல், இரண்டாம் வேகத்தில் விசிறி சுற்றவில்லை. மூன்றாவதில் சில நேரம் சுற்றியது. நான்காவதில் கீச்சென்ற சத்தத்தோடு சுற்றியது. பெட்டியின் பக்கத்தில் கையால் தட்டினால் சத்தம் மாறியது.

குறைந்த வேகங்கள் மட்டும் வேலை செய்யாவிட்டால் முதலில் ரெசிஸ்டரைச் சந்தேகிப்பது சரிதான். மேல் வேகத்துக்கு ரெசிஸ்டர் தேவையில்லை. ஆகவே அதன் கம்பி அறுந்தாலும் நான்காம் வேகம் ஓடும். ஆனால் இதை உறுதிசெய்ய ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் வயரில் வயரை வெட்டாமலே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு முதல் வேகத்தைப் போட வேண்டும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் மின்னோட்டமே இருக்காது. எங்களுக்கு மீட்டர் காட்டியது வேறு: மின்னோட்டம் நன்றாகவே ஓடியது, மோட்டார் அசையவில்லை. அதாவது மோட்டார் இறுகியிருக்கிறது. முதல் வேகத்தில் கிடைக்கும் சிறு விசை அந்த இறுக்கத்தை உடைக்கப் போதவில்லை. முந்தைய பட்டறை இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் ரெசிஸ்டரை மாற்றியிருக்காது.

நான்காம் வேகத்தில் மீட்டர் 20 ஆம்பியரைத் தாண்டி நின்றது. ஓட்டுநரின் காலருகே இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்தோம். 240-இல் இருப்பவை இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் பழைய வகைப் பியூஸ்கள். ஈரத்தில் அவற்றின் தொடுமுனை களிம்பு பிடிக்கும், அங்கே சூடு ஏறும். ப்ளோயருக்கான பியூஸ் எரிந்துபோகவில்லை. அதன் உடல்தான் உருகி வளைந்திருந்தது, பிடிப்புத் தகடும் கறுத்திருந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

பானட்டின் பின்பக்கம் காற்று உள்ளே போகும் வழியில் மக்கிய இலைகள் கிடந்தன. மழைநீர் வடியும் குழாயும் பாதி அடைத்திருந்தது.

எடுத்த முடிவுகள்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

பெட்டியில் சிறு துளை போட்டு மோட்டாரின் புஷ்ஷுக்கு நல்ல எண்ணெய் விடுவது முதல் வழி. அரை நாள் வேலைகூட இல்லை. இதை உடனே விலக்கினோம். இந்த மோட்டாரின் அச்சைத் தாங்குவது எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கலப் புஷ். அதன் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் அதற்கு உயிர். மெல்லிய எண்ணெயைத் தெளித்தால் ஊறியிருந்ததும் கரைந்து வெளியேறும், தெளித்தது சில வாரத்தில் ஆவியாகும். போன வருடம் நடந்தது அதுதான். தேய்ந்த புஷ்ஷை எந்த எண்ணெயும் பழையபடி ஆக்காது.

டேஷ்போர்டைத் தொடாமல், பக்கவாட்டிலிருந்து பெட்டியின் பிளாஸ்டிக்கை அறுத்து மோட்டாரை உருவி எடுப்பது இரண்டாவது. பலர் இப்படிச் செய்கிறார்கள். நேரம் பாதியாகும். எங்கள் மூத்த மெக்கானிக் முதலில் இதைத்தான் சொன்னார். அறுத்த இடத்தை எப்படி ஒட்டினாலும் காற்று கசியும், பிளாஸ்டிக் தூள் உள்ளேயே தங்கும் என்பது என் தயக்கம். பெட்டிக்குள் வேறு என்ன தேய்ந்திருக்கிறது என்பதும் இந்த வழியில் கண்ணுக்கே தெரியாது.

டேஷ்போர்டையும் ஹீட்டர் பெட்டியையும் முழுதாக வெளியே எடுத்து, மேசைமேல் வைத்துப் பிரிப்பது மூன்றாவது. ஒன்பது மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டோம். ஏசி இல்லாததால் வாயுவை வெளியேற்றும் வேலை இல்லை. ஏர்பேக் இல்லாததால் அந்த ஆபத்தும் இல்லை. உரிமையாளரிடம் மூன்றையும் விளக்கினோம். இந்தக் காரை இன்னும் பத்து வருடமாவது ஓட்டப் போவதாகச் சொல்லி மூன்றாவதையே அவர் தேர்ந்தெடுத்தார்.

ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை. பெட்டிக்குள் இருக்கும் வெந்நீர் ரேடியேட்டரையும் இப்போதே மாற்றிவிடலாம் என்றேன். நாளை அது ஒழுகினால் இதே டேஷ்போர்டை மறுபடியும் கழற்ற வேண்டும். அவரோ கசியாத பொருளுக்கு எதற்குச் செலவு என்றார். கூலியே பெரிய தொகையாக இருந்ததால் அவர் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது. கழற்றியபின் சோதிப்போம், கசிந்தால் மட்டும் மாற்றுவோம் என்று முடிவானது. வெந்நீர் வால்வையும் ஓரங்களில் இருக்கும் ஸ்பான்ஜ் பட்டைகளையும் மாற்ற ஒப்புக்கொண்டார்.

வேலை நடந்த விதம்

முந்தின இரவே காரைச் சூடான அறைக்குள் நிறுத்தினோம். 34 வருடப் பிளாஸ்டிக் குளிரில் கண்ணாடி மாதிரி உடையும். அறை வெப்பத்தில் ஓர் இரவு இருந்தால் கிளிப்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இந்த ஓர் ஏற்பாட்டால் டேஷ்போர்டில் ஒரு விரிசல்கூட விழவில்லை.

காலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலண்டை வடித்தோம். நடுக் கன்சோல், ரேடியோ, கையுறைப் பெட்டி, முழங்கால் பலகைகள், மீட்டர் தொகுதி, அப்புறம் டேஷ்போர்டு. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்தோம். ஸ்குரூக்களை வரிசை எண் எழுதிய கிண்ணங்களில் போட்டோம். 240-இல் காற்றைத் திருப்பும் மடல்களில் சில வெற்றிடக் குழாய்களால் இயங்குபவை. அந்த மெல்லிய குழாய்கள் முதுமையில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதியபிறகே பிடுங்கினோம். இரண்டு உடைந்தன, புதுக் குழாய் போட்டோம்.

கவனம் வேண்டிய இன்னொரு இடம் வெந்நீர் வால்வு. அதிலிருந்து மெல்லிய செம்புக் குழல் ஒன்று பெட்டிக்குள் போய் வெப்பத்தை உணர்ந்து வால்வை இயக்கும். அது கூர்மையாக மடிந்தால் வால்வு வீண். பழையதைத்தான் மாற்றப் போகிறோம் என்றாலும் அது போன பாதையைப் படம் பிடித்துக்கொண்டோம். புதுக் குழலை அதே பாதையில் செலுத்த வேண்டுமே.

ஐந்து மணி நேரத்தில் பெட்டி மேசைக்கு வந்தது. இரு பக்க மூடிகளையும் எடுத்து, விசிறிகளைப் பிடித்திருந்த கிளிப்களை நீக்கி, பெட்டியின் நடுப்பகுதியைப் பிரித்தோம். காரணம் முழுதும் அங்கே கிடந்தது. வலப்பக்க விசிறியின் இதழ்களுக்கு இடையில் இலைத் துணுக்குகளும் விதை ஓடுகளும் பஞ்சுபோன்ற எதுவோ ஒன்றும். எலி கூடு கட்டியிருக்கிறது. அந்த எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, விசிறி ஆட்டத்தோடு சுற்றி, அந்தப் பக்கத்துப் புஷ்ஷை முட்டை வடிவத்துக்குத் தேய்த்துவிட்டது. இடப்பக்கப் புஷ் அவ்வளவு மோசமில்லை. மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ் தூளும் எண்ணெயும் கலந்து கரிய பசையாக இருந்தது.

வெந்நீர் ரேடியேட்டரின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. முன்பு முடிவானபடி அதையே திரும்பப் போட்டோம்.

புது மோட்டாரை மேசையிலேயே பேட்டரியில் கொடுத்துப் பார்த்தோம். சத்தமே இல்லாமல் சுற்றியது. அதன் வயர்களில் பழைய கனெக்டர் இல்லை, நிறமும் வேறு. பழையதிலிருந்து கனெக்டரை மாற்றிப் பொருத்தினோம். கழுவிய விசிறிகளை மாட்டி, புது ஸ்பான்ஜ் ஒட்டி, பெட்டியை மூடி, மறுபடி ஓட்டிக் கேட்டோம். உரசல் இல்லை, ஆட்டம் இல்லை. பெட்டி காருக்குள் போனது. பியூஸ் பிடிப்பை மாற்றி, தொடுமுனைகளைச் சுத்தம் செய்தோம். இரண்டாம் நாள் மதியத்துக்குள் டேஷ்போர்டும் ஏறிவிட்டது. கூலண்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட்டி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினோம்.

நாங்கள் செய்த பிழை

சோதனை ஓட்டத்துக்கு நான்தான் எடுத்துப் போனேன். நான்கு வேகமும் அமைதியாக ஓடியது. வெப்பமும் வந்தது. ஆனால் கண்ணாடி தெளிய நேரம் எடுத்தது. நான்காம் வேகத்தில்கூடக் காற்று மெலிதாகத்தான் கையில் பட்டது.

மடல்கள் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்தோம். உடைந்து மாற்றிய இரண்டு வெற்றிடக் குழாய்கள்மேல் சந்தேகம். இரண்டு மணி நேரம் அவற்றைத் தேடினோம். எல்லாம் ஒழுங்காக இருந்தன. எல்லாத் திறப்புகளிலும் ஒரே மாதிரி காற்று குறைவாக வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தோம். மடல் கோளாறாக இருந்தால் ஒன்றில் குறைந்து இன்னொன்றில் கூடியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் குறைவென்றால் விசிறியிலேயே பிழை.

மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. கனெக்டரை மாற்றியபோது இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறோம். இந்த உருளை விசிறியின் இயல்பு நம்மை ஏமாற்றக்கூடியது. சாதாரண மின்விசிறியைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் காற்று மறுபக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். உருளை விசிறியோ எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை வெளிப்பக்கமாகத்தான் தள்ளும். எதிர்த்திசையில் இதழ்களின் வளைவு ஒத்துழைக்காததால் அளவு மட்டும் மிகக் குறையும். மேசையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தபோதும் நாங்கள் காதால்தான் கேட்டோம். கையை வைத்துக் காற்றைப் பார்க்கவில்லை, சுற்றும் திசையையும் பார்க்கவில்லை. மூன்று வருடக் கீச்சொலியைப் பற்றியே பேசிப் பேசி, சத்தம் போனால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

நல்லவேளையாக அந்தக் கனெக்டர் கன்சோலின் பக்கப் பலகைக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வயர்களை மாற்றிப் போட அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அது பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் இரண்டு நாள் வேலையை மறுபடி பிரித்திருக்க வேண்டும். மூத்த மெக்கானிக் அன்று மாலை அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

விளைவு

திருத்தியபின் நான்காம் வேகத்தில் மின்னோட்டம் 13 ஆம்பியர் அளவில் நின்றது. பியூஸ் பிடிப்பு கால் மணி நேரம் ஓடியபின்னும் தொடும்படியான சூட்டிலேயே இருந்தது. இன்ஜின் சூடேறிய நிலையில், இரண்டு பேர் உட்கார்ந்து வேண்டுமென்றே மூச்சுவிட்டு மூடவைத்த முன்கண்ணாடி நான்கு நிமிடத்துக்குள் தெளிந்தது.

மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. எங்கள் பிழைக்கான இரண்டரை மணி நேரத்தை உரிமையாளரிடம் வாங்கவில்லை. என்ன நடந்தது என்பதையும் அவரிடம் முழுதாகச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எலி மறுபடி வருமா?

காற்று உள்ளே போகும் வழியில் கம்பி வலை பொருத்தினோம். கண்கள் மிகச் சிறியதாக இருந்தால் ஈரப்பனி அதில் ஒட்டி உறைந்து காற்றையே அடைக்கும். அதனால் எலி நுழைய முடியாத அளவில் மட்டும் கண் இருக்கும் வலையைத் தேர்ந்தோம். இலையுதிர் காலம் முடிந்ததும் அந்த இடத்தைத் திறந்து இலைகளை அள்ளிவிட வேண்டும், வடிகுழாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தோம்.

2024 நவம்பரில் டயர் மாற்ற வந்தபோது மறுபடி பார்த்தேன். மோட்டார் சத்தமில்லை. வலைமேல் இலை எதுவும் தேங்கியிருக்கவில்லை, அவரே அள்ளியிருந்தார். கால்மிதி உலர்ந்திருந்தது. பழைய வெந்நீர் ரேடியேட்டர் இன்றுவரை கசியவில்லை.

எதை மாற்றுவோம்

இனி எந்தப் பழைய காரிலும் ப்ளோயரைக் கழற்றும் முன், அது ஓடக்கூடிய நிலையில் இருந்தால், சுற்றும் திசையைப் பார்த்து விசிறி மூடியின்மேல் மார்க்கரால் அம்புக்குறி போடுவோம். இந்தக் காரில் நான்காம் வேகத்தில் மோட்டார் ஓடியது, அது சாத்தியமாகவே இருந்தது. வயர் நிறத்தை நம்பாமல், பிளஸ் வரும் முனையில் சிவப்பு டேப் ஒட்டுவோம். பெட்டியைக் காருக்குள் ஏற்றிய உடன், டேஷ்போர்டைத் தொடும் முன், நான்கு வேகத்திலும் திறப்புகளில் கை வைத்துக் காற்றைப் பார்ப்பது இப்போது எங்கள் பட்டறையில் வேலை அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வெந்நீர் ரேடியேட்டர் பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை. அது கசியாமல் இருப்பது மகிழ்ச்சிதான், ஆனால் அன்றைய சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டியது. அடுத்த முறை அதன் விலையைக் கூலியோடு ஒரே தாளில் எழுதி, வேலை தொடங்கும் முன்பே காட்டுவேன். இந்த உரிமையாளரிடம் அதை வாயால்தான் சொன்னேன், அதுவும் பெரிய தொகையைக் கேட்டு அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அவருடைய மின் ஹீட்டர் இன்னும் காரில் இருக்கிறது. உறைபனி விழும் காலைகளில் மட்டும் போடுகிறாராம்.